திரையில் பளபளப்பு, காகிதத்தில் இருட்டு!

போட்டோ பிரிண்ட் ஏன் ஏமாற்றுகிறது? ஜவ்வாது மலை சொல்லித்தரும் பாடம்

தாத்தா காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. திதி வருவதற்குள் அவருடைய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டவேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டாள்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போட்டோ. பேரன் அதைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டான்.

முகம் பளிச்சென்று தெரிந்தது. நெற்றியில் விபூதி தெரிந்தது. வெள்ளை வேட்டி கண்ணைக் கூசியது.

"வெளிச்சம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே!" என்று நினைத்தான் பேரன். படத்தைச் சற்று இருட்டாக்கினான். இப்போது அளவாக இருந்தது. கடைக்கு அனுப்பினான்.

மறுநாள் பிரிண்ட் வந்தது. பாட்டி கையில் வாங்கிப் பார்த்தாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள்.

"அவர் கண்ணே தெரியவில்லையே, அப்பா!" என்றாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. எத்தனையோ வீடுகளில் நடக்கும் சங்கதிதான். கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்த நாள் படம், கோவில் திருவிழாப் படம் எல்லாமே திரையில் ஒரு மாதிரியும், காகிதத்தில் வேறு மாதிரியும் வருவது உண்டு.

குற்றவாளி யார்? கடைக்காரரா? காகிதமா? மையா?

பெரும்பாலும் இவர்களில் யாரும் இல்லை. குற்றவாளி, வீட்டு மேஜையில் சாதுவாக உட்கார்ந்து இருக்கும் திரைதான். அதன் வெளிச்சத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

வெளிச்சத்தை அளப்பதா? அது எப்படி?

அதைத் தெரிந்துகொள்ள ஜவ்வாது மலைக்குப் போகவேண்டும். அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக இரவு இரவாக அந்த வேலைதான் நடக்கிறது!

மலை மேல் ஒரு கண்

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் மலைப்பாதை தொடங்குகிறது. சாமை விளையும் மலை. பலாவும் தேனும் கிடைக்கும் மலை. காட்டுக்கு நடுவே காவலூர் என்ற ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். இன்று அது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இங்கேதான் வைணு பாப்பு வான ஆராய்ச்சி நிலையம் அமைந்து இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது.

இந்த இடத்தைத் தேர்ந்து எடுத்தவர் விஞ்ஞானி வைணு பாப்பு. நகரத்து விளக்குகள் எட்டாத இருட்டு அவருக்கு வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகிலும் இருக்கவேண்டும். அப்போதுதான் வடக்கு வானத்தையும் தெற்கு வானத்தையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்க முடியும். காவலூர் பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருக்கிறது. இரண்டு வசதியும் கிடைத்தன.

1968-ம் ஆண்டு ஒரு சின்ன டெலஸ்கோப்புடன் வேலை தொடங்கியது. அதன் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலம்தான். 1972-ல் ஜெர்மனியில் செய்த 1 மீட்டர் டெலஸ்கோப் வந்து சேர்ந்தது.

பாப்புவுக்கு இன்னும் பெரிய ஆசை இருந்தது. இந்தியாவிலேயே ஒரு பெரிய டெலஸ்கோப் செய்யவேண்டும் என்பது அவர் கனவு. 2.34 மீட்டர் அகலம் உள்ள கண்ணாடியை நம் நாட்டிலேயே தேய்த்து மெருகு ஏற்றினார்கள். ஏழரை அடிக்கு மேல் அகலம்!

ஆனால் அது வானத்தைப் பார்த்த நாளை பாப்பு பார்க்கவில்லை. 1982-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி அவர் காலமானார். 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அந்த டெலஸ்கோப்பைத் தொடங்கிவைத்தார். நிலையத்துக்கு பாப்புவின் பெயரையே சூட்டினார்கள்.

மங்கியது நட்சத்திரம்!

வெளிச்சத்தைச் சரியாக அளந்தால் என்ன கிடைக்கும்? இதோ, ஒரு சம்பவம்.

1977-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி இரவு.

யுரேனஸ் என்ற தொலைதூரக் கிரகம் அன்று ஒரு நட்சத்திரத்தின் அருகே நகர்ந்து கொண்டு இருந்தது. கிரகம் நட்சத்திரத்தை மறைத்தால், அது மறைக்கும் நேரத்தைக் கொண்டு கிரகத்தைப் பற்றிப் பல உண்மைகளை அறியலாம். உலகத்தில் பல இடங்களில் விஞ்ஞானிகள் காத்து இருந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, டெலஸ்கோப் பொருத்திய ஓர் அமெரிக்க விமானம் பறந்து கொண்டு இருந்தது. காவலூரில் 1 மீட்டர் டெலஸ்கோப் அந்த நட்சத்திரத்தையே பார்த்து நின்றது.

டெலஸ்கோப்பில் ஒரு கருவி பொருத்தப்பட்டு இருந்தது. நட்சத்திர வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் கருவி அது. வெளிச்சம் கூடினால் மின்சாரம் கூடும். குறைந்தால் குறையும்.

கிரகம் நட்சத்திரத்தை இன்னும் எட்டவில்லை. திடீரென்று நட்சத்திரத்தின் வெளிச்சம் குறைந்தது! சில விநாடிகள்தான். மறுபடி பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கண்ணால் பார்த்து இருந்தால் "மேகம் போயிருக்கும்" என்று விட்டு இருப்பார்கள். கருவி பதிவு செய்துவிட்டது. காவலூர் விஞ்ஞானிகள் அந்தப் பதிவை உலகத்துக்கு அறிவித்தார்கள். அமெரிக்க விமானமும் அதே போன்ற மங்கல்களைப் பதிவு செய்து இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் பதிவானது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. சனிக் கிரகத்துக்கு இருப்பது போல யுரேனசுக்கும் வளையங்கள் இருக்கின்றன! அந்த வளையங்கள்தான் நட்சத்திரத்தை மறைத்து இருக்கின்றன.

ஒரு கிரகத்தின் வளையத்தை ஜவ்வாது மலையில் இருந்து கண்டார்கள். எப்படி? வளையத்தைப் பார்த்து அல்ல. வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து.

கண் ஒரு பொய்க்காரன்

"என் கண் நன்றாகத்தானே இருக்கிறது? எதற்குக் கருவி?" என்று சிலர் கேட்கலாம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சாம்பல் நிறக் காகிதத்தில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் துணி மீது வையுங்கள். மற்றொன்றைக் கறுப்புத் துணி மீது வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுப்பாகத் தெரியும். வெள்ளையின் மேல் இருப்பது கறுப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே காகிதம்தான்!

பகல் காட்சி சினிமா முடிந்து வெளியே வந்தால் கண் கூசுகிறது. ஐந்து நிமிடத்தில் வெயில் சாதாரணமாகிவிடுகிறது. வெயில் குறையவில்லை. கண் பழகிவிட்டது. அதே கண் இருட்டுக்கு முழுவதும் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

இப்படி இடத்துக்கு ஏற்றபடி மாறிக்கொள்வதால்தான் நாம் நிலவிலும் நடக்கிறோம், வெயிலிலும் நடக்கிறோம். உயிர் வாழ அது நல்லது. அளப்பதற்கு அது உதவாது. நாளுக்கு நாள் நீளம் மாறும் முழக்கோலை வைத்து யாராவது துணி அளப்பார்களா?

சென்னையில் வாழ்ந்த அளவுகாரர்

நட்சத்திர வெளிச்சத்துக்கு அளவுகோல் வகுத்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர்.

பழங்கால கிரேக்கர்கள் நட்சத்திரங்களை ஆறு வகுப்பாகப் பிரித்து இருந்தார்கள். நன்றாகப் பிரகாசிப்பது முதல் வகுப்பு. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிவது ஆறாம் வகுப்பு. இது கண் மதிப்பு. ஒருவர் மூன்றாம் வகுப்பு என்பார்; இன்னொருவர் நான்காம் வகுப்பு என்பார்.

1856-ல் போக்சன் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். முதல் வகுப்பு நட்சத்திரம் ஆறாம் வகுப்பு நட்சத்திரத்தைவிட 100 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவே சுமார் இரண்டரை மடங்கு வித்தியாசம் வரும். இன்றும் உலகம் முழுவதும் அந்தக் கணக்குதான்!

அந்தப் போக்சன் 1861-ல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். 1891-ல் சென்னையிலேயே காலமானார். அந்த நுங்கம்பாக்கம் நிலையத்தின் வழியில் வந்ததுதான் கொடைக்கானல் நிலையம். அதன் வழியில் வந்தது காவலூர்.

படத்தை நம்பும் முன்பு...

இன்று டெலஸ்கோப்பில் எடுக்கும் படமும் கம்ப்யூட்டரில்தான் வந்து விழுகிறது. ஆனால் எந்த விஞ்ஞானியும் அதை அப்படியே நம்புவதில்லை. நம்பும் முன்பு மூன்று காரியம் செய்கிறார்கள்.

முதல் காரியம்: காமிராவை மூடிவைத்து ஒரு படம் எடுப்பது. வெளிச்சமே போகாவிட்டாலும் மின்சாரக் காமிரா கொஞ்சம் பொய் வெளிச்சம் காட்டும். அது எவ்வளவு என்று பார்த்து, நட்சத்திரப் படத்தில் இருந்து கழித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரியம்: ஒரே சீராக வெளிச்சம் உள்ள ஒன்றைப் படம் எடுப்பது. சூரியன் மறைந்து, நட்சத்திரம் தோன்றுவதற்கு முன்பு அந்தி வானம் ஒரே சீராக இருக்கும். அதைப் படம் பிடிக்கிறார்கள். காமிராவில் எங்கே தூசி, எங்கே மங்கல் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது காரியம்தான் முக்கியம். எவ்வளவு பிரகாசம் என்று ஏற்கனவே தெரிந்த நட்சத்திரங்கள் சில உண்டு. ஆர்லோ லாண்டோல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1992-ல் வெளியிட்ட பட்டியல் இதற்குப் பேர்போனது. அந்த நட்சத்திரங்களையும் அதே இரவில், அதே கருவியால் அளக்கிறார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததை எடை போடுகிறார்கள். தராசுக்குப் படிக்கல் போல!

இவ்வளவும் செய்த பிறகுதான் "இந்த நட்சத்திரத்தின் பிரகாசம் இவ்வளவு" என்று வாயைத் திறக்கிறார்கள்.

வீட்டுத் திரைக்குப் படிக்கல் எங்கே?

இப்போது பேரனின் மேஜைக்கு வருவோம்.

திரை தானே ஒளி விடுகிறது. காகிதம் அப்படி இல்லை. தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. விளக்கு போன்றது திரை. சுவர் போன்றது காகிதம். இரண்டையும் ஒப்பிட்டால் வம்புதான்.

திரையின் வெளிச்சத்தை கேண்டலா என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி தரும் ஒளியை ஒட்டிப் பிறந்த அளவு அது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு இத்தனை கேண்டலா என்று சொல்வது வழக்கம்.

கடையில் வாங்கும் பல திரைகள் 250 முதல் 300 கேண்டலா வரை வெளிச்சம் கொடுக்கக்கூடியவை. பளபளப்பாக இருந்தால்தானே விற்கும்?

காகிதத்தின் கணக்கு வேறு. அறையில் விழும் வெளிச்சத்துக்கு லக்ஸ் என்று அளவு. 350 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தால், அது சுமார் 100 கேண்டலா அளவுக்குத்தான் பிரகாசிக்கும். மாலை நேரத்தில் வீட்டுக் கூடத்தில் வெளிச்சம் 100 லக்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்போது காகிதத்தின் பிரகாசம் 30 கேண்டலாவை ஒட்டி இறங்கிவிடும்.

ஒரு பக்கம் 300. இன்னொரு பக்கம் 30. பத்து மடங்கு வித்தியாசம்! போக்சன் கணக்கில் பார்த்தால் சரியாக இரண்டரை வகுப்பு.

பேரன் செய்த தவறு இப்போது புரிகிறதா? திரைதான் அளவுக்கு மீறி எரிந்தது. அவனோ படத்தில் வெளிச்சம் அதிகம் என்று நினைத்தான். நல்ல படத்தை இருட்டாக்கினான். இருட்டாக்கிய படத்தைக் கடைக்காரர் அப்படியே அச்சிட்டார். தராசு கோணலாக இருக்க, அரிசியை அள்ளிக் கொட்டிய கதைதான்!

என்ன செய்யவேண்டும்?

போட்டோ அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் திரையை 80 முதல் 120 கேண்டலாவுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பொதுவாக 100 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதை அளக்க, உள்ளங்கையில் அடங்கும் கருவி இருக்கிறது. திரையின் மேல் அதைத் தொங்கவிட்டால், அது வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு அது அவசியம்.

வீட்டில் கருவி இல்லையா? கவலை வேண்டாம். காவலூர்ப் பாடம் இருக்கிறது. தெரிந்ததை வைத்துத் தெரியாததை எடை போடுங்கள்.

1. திரையைப் போட்டவுடன் வேலையைத் தொடங்கவேண்டாம். அரை மணி நேரம் எரியட்டும். வெளிச்சம் நிலைக்கு வரும்.

2. அறை வெளிச்சத்துக்கு ஏற்றபடி தானே கூடிக் குறையும் வசதி சில திரைகளில் உண்டு. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

3. ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. தினமும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள்.

4. ஒரு சோதனைப் படம் தேர்ந்து எடுங்கள். அதில் மனித முகம், வெள்ளைத் துணி, கறுப்புத் தலைமுடி மூன்றும் இருக்கவேண்டும். அதில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். கடையில் கொடுத்து, "இயந்திரம் தானாகத் திருத்தவேண்டாம்; இருக்கிறபடியே போடுங்கள்" என்று சொல்லி ஒரு பிரிண்ட் வாங்குங்கள். அந்தப் பிரிண்ட்தான் இனி உங்கள் படிக்கல்.

5. அந்தப் பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில், நல்ல விளக்கின் கீழே வையுங்கள். அதே படத்தைத் திரையிலும் போடுங்கள். படத்தைத் தொடாதீர்கள். திரையின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள்.

6. அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை சரிபாருங்கள். திரைக்கும் வயது ஆகும், வெளிச்சம் குறையும்.

முதல் நாள் திரை மங்கலாகத் தெரியும். "பாதி உயிர் போய்விட்டதே!" என்று தோன்றும். சற்று நேரத்தில் கண் பழகிவிடும்.

படிக்கட்டு வைத்தியம்

இன்னொரு சோதனையும் உண்டு. அதுவும் வான ஆராய்ச்சியில் பழகிய முறைதான்.

கம்ப்யூட்டர் காமிரா வருவதற்கு முன்பு நட்சத்திரங்களைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். அதே தகட்டின் ஓரத்தில், வெளுப்பில் இருந்து கறுப்பு வரை படிப்படியாக ஒரு பட்டையையும் பதிவார்கள். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று தெரியும். நட்சத்திரத்தின் கறுப்பு எந்தப் படிக்குச் சமம் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள்.

நீங்களும் திரையில் அப்படி ஒரு சாம்பல் படிக்கட்டைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரியவேண்டும். கறுப்புப் பக்கத்துப் படிகள் ஒன்றாகக் கலந்தால் திரை சரியில்லை. வெள்ளைப் பக்கத்துப் படிகள் கலந்தாலும் சரியில்லை.

அதே படிக்கட்டை அச்சிட்டும் பாருங்கள். நல்ல பளபளப்புக் காகிதத்தில்கூட வெள்ளை, கறுப்பைவிட 100 முதல் 200 மடங்குதான் பிரகாசம். திரையில் அது 1000 மடங்கு வரை போகும். ஆகவே காகிதத்தில் மிகக் கறுத்த படிகள் சில ஒன்றாகிவிடலாம். தாத்தாவின் கண்கள் மறைந்தது இந்த இருட்டுப் படிகளில்தான்!

கண்ணை நம்ப முடியாதபோது எண்ணை நம்பலாம். கம்ப்யூட்டர் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. முழுக் கறுப்பு 0. முழு வெள்ளை 255. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த எண் மாறாது. வெளிச்சம் படும் வெள்ளை வேட்டி 150 என்று காட்டினால், திரை எவ்வளவு பளபளத்தாலும் படம் இருட்டு என்றுதான் அர்த்தம்.

பாட்டி சிரித்தாள்

பேரன் திரையைக் குறைத்தான். சோதனைப் பிரிண்டோடு ஒத்துப்பார்த்தான். தாத்தா படத்தை மறுபடி திறந்தான். இருட்டாக்கிய வேலையை அழித்தான். முகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினான். வேட்டியின் எண்ணைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது பிரிண்ட் வந்தது. பாட்டி அதை வாசலுக்கு எடுத்துப்போகவில்லை. கூடத்து விளக்கிலேயே பார்த்தாள். தாத்தாவின் கண்கள் அவளைப் பார்த்தன.

"இப்போதுதான் அவர் மாதிரி இருக்கிறார்" என்றாள்.

ஜவ்வாது மலையில் இன்றும் இரவு கவிழ்ந்ததும் டெலஸ்கோப்பின் கூரை திறக்கிறது. தெரிந்த நட்சத்திரத்தை அளந்துவிட்டுத்தான் தெரியாத நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். யுரேனஸ் வளையத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பொறுமைதான். வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் கண்களைத் திரும்பக் கொடுத்ததும் அதுதான்.